பதினாறு அங்குலத்தில் ஒரு பிரயாணம்

ஹோல்டால் என்று ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் வீட்டுப் பரணில் இன்றும் ஒன்று சுருண்டு கிடந்தாலும் கிடக்கும். மெத்தை, தலையணை, ஜமக்காளம் எல்லாம் அதற்குள். அதற்குத் துணையாக ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா, புளியோதரைப் பாத்திரம், கடைசி நிமிஷத்தில் யாரோ ஜன்னல் வழியாகத் திணித்த வாழைத்தார். இத்தனையும் இல்லாமல் நம்மவர்கள் மாயவரம் வரைக்கும்கூட ரயில் ஏறியதில்லை. அந்தப் பரம்பரையில் வந்த என் அம்மாவை, ஒரே ஒரு கைப்பையுடன் பாரிஸிலிருந்து மிலான் நகரத்துக்கு அழைத்துப் போன கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

விஷயம் இதுதான். என் தங்கை மிலானில் குடித்தனம் செய்கிறாள். 2025 நவம்பர் கடைசியில் அவளுக்குப் பிரசவம் என்று டாக்டர் நாள் குறித்திருந்தார். அம்மாவும் நானும் சென்னையிலிருந்து பாரிஸுக்குப் போய், அங்கே மாமா வீட்டில் பத்து நாள் தங்கிவிட்டு, பிறகு மிலான் போவது என்று ஏற்பாடு. பாரிஸ் வரைக்கும் பெரிய விமானம். ஆளுக்கு 23 கிலோ பெட்டி உண்டு. அங்கிருந்து மிலானுக்குச் சிக்கன விமானம். தங்கை இரண்டு மாதம் முன்பாகவே டிக்கெட் வாங்கி வைத்துவிட்டாள். எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு 24 யூரோ. நம் பணத்தில் சுமார் 2,400 ரூபாய்! ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி!

ஆனால் அந்த 24 யூரோவில் அடங்குவது பிரயாணியும் ஒரு சிறிய பையும்தான். பை 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அம்மா தையல் டேப்பை எடுத்து அங்குலக் கணக்காக்கிப் பார்த்தாள். பதினாறு, பன்னிரண்டு, எட்டு. அதிலும் பதினாறு முழுசாக வரவில்லை.

"ஒரு முழம்கூட இல்லையேடி!" என்றாள்.

பெட்டியையும் விமானத்தின் வயிற்றில் போட வேண்டுமானால் அதற்குத் தனியாக 40 யூரோ கட்ட வேண்டும் என்று சொன்னேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"மனுஷிக்கு 24, பெட்டிக்கு 40-ஆ? அப்படியானால் பெட்டியை ஸீட்டில் உட்கார வைத்துவிட்டு என்னைக் கீழே போடச் சொல்லு! அந்தப் பணத்துக்குக் குழந்தைக்கு ஏதாவது வாங்கிப் போடலாம்."

அம்மா கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இந்த விசித்திரக் கணக்கின் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் எந்த விமானம் எந்த ஊருக்குப் போகலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்பதையெல்லாம் சர்க்கார்கள் கூடிப் பேசித் தீர்மானித்தன. 1993-ல் அந்தக் கட்டு தளர்ந்தது. 1997-லிருந்து ஐரோப்பிய யூனியனைச் சேர்ந்த எந்தக் கம்பெனியும் யூனியனுக்குள் எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று ஆயிற்று. அயர்லாந்தின் ரயன்ஏர் 1985-ல் பதினைந்து பேர் உட்காரும் ஒரு குட்டி விமானத்தோடு ஆரம்பித்த கம்பெனி. ஈஸிஜெட் 1995-ல் லண்டனுக்கு அருகிலுள்ள லூட்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு 29 பவுனுக்குப் பறந்தது. ஒரு ஜீன்ஸ் கால்சட்டை விலைதான் என்று விளம்பரம் செய்தார்கள். ஹங்கேரியின் விஸ் ஏர் 2004-ல் கிளம்பியது. வழி திறந்ததும் இவர்கள் எல்லோரும் அமெரிக்காவில் ஸௌத்வெஸ்ட் கம்பெனி காட்டியிருந்த பாதையில் நடந்தார்கள். ஒரே ஜாதி விமானம். தரையில் நிற்கும் நேரம் கொஞ்சம். சாப்பாடு இனாம் கிடையாது.

விமானம் தரையில் நின்றால் வருமானம் இல்லை அல்லவா? ரயன்ஏர் விமானம் இறங்கி, ஒரு கூட்டத்தை இறக்கி, இன்னொரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்ப 25 நிமிஷம் கணக்கு. நம் வீட்டில் ஒரு கல்யாணப் பந்தி எடுத்து இலை போடவே அவ்வளவு நேரம் ஆகும்! வயிற்றில் ஏற்றும் பெட்டி குறையக் குறைய வேலை சுருக்காக முடியும். 'அப்படியானால் எல்லோரும் கையிலேயே கொண்டு வருகிறோம்' என்று ஜனங்கள் சக்கரப் பெட்டியோடு உள்ளே நுழைந்தார்கள். அதிலே இன்னொரு சங்கடம். 189 பேர் உட்காரும் விமானத்தில் தலைக்கு மேலுள்ள அலமாரியில் சுமார் 90 பெட்டிக்குத்தான் இடம். எனவே 2018 நவம்பரிலிருந்து அங்கே அதற்கும் தனிக் கட்டணம் வந்தது. இனாமாக வருவது, முன் ஸீட்டின் அடியில் நுழையும் பை மட்டும். ஈஸிஜெட்டின் இனாம் பை கொஞ்சம் பெரியது: 45, 36, 20. ரயன்ஏரின் அளவு 2025-ல்தான் 40, 30, 20-க்கு வளர்ந்தது. அதற்கு முன் 40, 25, 20.

இது தர்மம்தானா என்று அந்த ஊர்க்காரர்களே சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள். கையில் கொண்டுபோகும் பை பிரயாணிக்கு அத்தியாவசியமானது. நியாயமான அளவும் எடையும் உள்ள பைக்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருக்கிறது. 'நியாயமான அளவு' எது என்பதில்தான் சங்கதி எல்லாம் இருக்கிறது! 2024 நவம்பரில் ஸ்பெயின் சர்க்கார் ஐந்து கம்பெனிகளுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. வக்கீல்கள் பாடு கொண்டாட்டம். நம் பாடு டேப்பும் கையுமாக நிற்பதுதான்.

சரி, கதைக்கு வருகிறேன். நாங்கள் பாரிஸில் இறங்கிய ஐந்தாம் நாள் விடியற்காலையில் தங்கையின் கணவர் டெலிபோன் செய்தார். பெண் குழந்தை. இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். தாயும் சேயும் சௌக்கியம். அம்மா அழுதாள், சிரித்தாள், பிறகு சட்டென்று கவலைப்பட்டாள். லேகியம்!

சென்னையிலிருந்து அம்மா ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையப் பிரசவ லேகியம் கிளறிக் கொண்டுவந்திருந்தாள். சுக்கு, கண்டந்திப்பிலி, ஓமம், வெல்லம், நெய், இன்னும் என்னவெல்லாமோ. பெரிய பெட்டிகளை மாமாவின் பிள்ளை இரண்டு வாரம் கழித்துத் தன் காரில் மிலானுக்குக் கொண்டு வருவதாகப் பேச்சு. இரண்டு வாரம் கழித்து லேகியம் போய் என்ன பிரயோஜனம்? பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் இப்போதல்லவா ஆரம்பம்? டிக்கெட் தேதியை மாற்றக் கேட்டால் டிக்கெட் விலையைவிட அதிகம். ஆகவே லேகியம் எங்களோடு கைப்பையில்தான் வர வேண்டும்.

இங்கேதான் இன்னொரு சட்டம் குறுக்கே வந்தது. 2006 ஆகஸ்டில் லண்டனில் ஒரு சதி அகப்பட்டது. பான பாட்டில்களில் வெடிமருந்தை ஒளித்து விமானத்தில் ஏற்றுவது என்பது திட்டம். அந்த வருஷக் கடைசியிலிருந்து ஐரோப்பாவில், கைப்பையில் கொண்டுபோகும் திரவம் எதுவானாலும் 100 மில்லி அடங்கிய குப்பிக்கு மேல் போகக் கூடாது; எல்லாக் குப்பிகளும் ஒரு லிட்டர் பிடிக்கும் ஒரே கண்ணாடிப் பைக்குள் அடங்க வேண்டும். 2025-லிருந்து புதிய கருவி வைத்திருக்கும் சில நிலையங்களில் இந்த விதி தளர்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை. திரவம் என்றால் தண்ணீர் மட்டும் என்று நினைக்காதீர்கள். தொக்கு, ஊறுகாய், தயிர், ஜாம், பற்பசை எல்லாம் அவர்கள் கண்ணுக்குத் திரவம்தான். லேகியமும்.

வழி சொன்னவள் மாமி. பாரிஸ் ஹோட்டல்களில் காலை ஆகாரத்தோடு சுண்டுவிரல் உயர பாட்டிலில் ஜாம் கொடுப்பார்களே, பார்த்திருக்கிறீர்களா? மாமி எதையும் தூக்கி எறியாத ஜாதி. சமையலறை அலமாரியிலிருந்து கட்டுக்கட்டாக எடுத்து வந்தாள். அன்று இரவு மூவரும் உட்கார்ந்து அரைக் கிலோ லேகியத்தைப் பதினாறு பாட்டிலில் அடைத்தோம். ஆளுக்கு எட்டு. மாமி கணக்காக, "பாட்டில் திரும்பி வரணும்" என்று சொல்லிவிட்டாள்.

பையில் மீதி என்ன? என் பையில் இரண்டு செட் துணி, செல்போன் சார்ஜர், காகிதங்கள். தடித்த ஸ்வெட்டரும் பூட்ஸும் உடம்பிலேயே. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். சக்கரமும் கைப்பிடியும் அளவில் சேர்த்திதான். இரண்டு அங்குலத்தை அவையே தின்றுவிடும். துணிப்பைதான் உத்தமம், அமுக்கினால் அமுங்கும். நம் பழைய மஞ்சள் பைக்கு வாயில் ஒரு ஜிப் மட்டும் இருந்திருந்தால் அதை மிஞ்ச ஐரோப்பாவில் ஒரு பை கிடையாது.

அம்மாவின் பையில் மாற்றுப் புடவை ஒன்று, வெள்ளிப் பாலாடை, வசம்பு, பிறகு பாட்டியின் ஒன்பது கஜச் சுங்குடிப் புடவை. துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட புடவை. எங்கள் வீட்டில் பிறந்த குழந்தைகள் எல்லாம், நான் உள்பட, முதலில் படுத்தது அதில்தான். பை, பிள்ளையார் வயிறு மாதிரி இருந்தது.

விமான நிலையத்தில் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களான நாங்கள் முதலில் மேஜையில் விசாவைக் காட்டினோம். பிறகு சோதனை. லேகிய பாட்டில்களை ஒரு பெண் அதிகாரி எண்ணிப் பார்த்தாள்; ஒன்றைத் திறந்து மோந்தாள்; மூடினாள்; போகலாம் என்று கை காட்டினாள். அம்மா பெருமூச்சு விடுவதற்குள் அந்தப் பெண்ணின் கை, பையின் ஓர ஜேபிக்குள் போய் ஒரு பாட்டிலோடு வெளியே வந்தது. தேங்காயெண்ணெய், 200 மில்லி! குழந்தைக்குத் தேய்க்க என்று அம்மா எனக்குத் தெரியாமல் செருகி வைத்திருக்கிறாள்.

நவம்பர்க் குளிரில் எண்ணெய் வெண்ணெய்க் கட்டியாக உறைந்திருந்தது. அம்மா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு அசையவில்லை.

"இது தண்ணியா? நீயே சொல்லு, இது தண்ணியா?" என்று சுத்தத் தமிழில் கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு வாதம் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். சிரித்தாள். ஆனாலும் தலையை ஆட்டினாள். எண்ணெய் தொட்டிக்குள் விழுந்தது. அம்மா அந்தத் தொட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விமானத்துக்குப் போகும் வாசலில் கடைசிக் கண்டம். இரும்புச் சட்டத்தாலான ஒரு கூடு நிற்கிறது. பை அதற்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அங்கேயே தண்டம். சில கம்பெனிகளில் 75 யூரோ வரைக்கும். பெரிய பையைப் பிடித்துக் கொடுக்கும் ஊழியருக்கு ரயன்ஏர் கொடுக்கும் சன்மானம், 2025 நவம்பரில் பைக்கு 1.50 யூரோவிலிருந்து 2.50 யூரோவாக உயர்ந்தது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! எங்களுக்கு முன்னால் ஒரு மாணவன் மூன்று சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நின்றான்.

என் பை நுழைந்தது. அம்மாவின் பை பாதியில் நின்றது. அமுக்கினேன். ஊஹூம். வாசலில் நின்றவள் பணம் வாங்கும் கருவியைக் கையில் எடுத்தாள்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பையைத் திறந்தாள், சுங்குடிப் புடவையை உருவினாள், உதறி நாலாக மடித்தாள், தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு முனையை இடுப்பில் செருகினாள். பை 'தொப்'பென்று கூட்டுக்குள் விழுந்தது. பின்னால் நின்ற ஒரு கிழவர் கை தட்டினார்.

விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸீட் சாயவில்லை, காப்பிக்குக் காசு, ஒன்றரை மணி நேரத்தில் மிலான். ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. 'பாரிஸ்' என்று விற்கும் போவே நிலையம் பாரிஸுக்கு 85 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 'பிராங்பர்ட்' என்ற ஹான் 120 கிலோமீட்டர். செங்கற்பட்டைத் தாண்டி இறக்கிவிட்டுச் சென்னை என்றால் நாம் சும்மா இருப்போமா? பஸ் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்.

தங்கை வீட்டுக்குப் போனதும் அம்மா கை காலை அலம்பிக்கொண்டு, போர்த்தியிருந்த புடவையை எடுத்து இஸ்திரிப் பெட்டியால் ஒரு முறை சூடு காட்டி, நாலு மடிப்பாக விரித்தாள். குழந்தையை அதில் விட்டோம். கையை ஒரு தரம் விரித்து மூடிவிட்டுத் தூங்கிப் போயிற்று. தேங்காயெண்ணெய் வாங்கி வரத் தங்கையின் கணவர் கிளம்பினார்.

ஒரு வாரம் கழித்து நான் மட்டும் பாரிஸுக்குத் திரும்பினேன். என் பையில் ஓர் ஓரம் காலியாக இருப்பதை அம்மா பார்த்துவிட்டாள். லேகியத்தை ஒரு ஜாடிக்கு மாற்றி, பதினாறு பாட்டில்களையும் கழுவிக் கவிழ்த்து, ஈரம் போகத் துடைத்து அந்த ஓரத்தில் அடுக்கினாள்.

"மாமி கேட்டாளே" என்றாள்.