மணிலாக்கொட்டையும் கறே-கறேயும்

விருந்தோம்பும் வீட்டில் இலையில் இட்டதை உண்ணாது எழுவது பெருங்குறை. புலால் உண்ணா நோன்புடையார்க்கோ அதனை உண்பதும் குறை. இவ்விரு குறைகளுக்கும் இடையே அகப்பட்டுத் தவித்த ஓர் அநுபவத்தையும், அதிலிருந்து எம்மை மீட்ட ஒரு சட்டிக் கறியையும் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றோம்.

பிலிப்பைன்சுத் தீவுகளின் தலைநகராகிய மணிலாவுக்குக் கிழக்கே, ரிசால் மாகாணத்தில், கயிந்தா என்னும் ஊர் உளது. நகரம் வளர்ந்து வளர்ந்து இவ்வூரையும் தழுவிக்கொண்டமையால், எங்கே மணிலா முடிந்தது, எங்கே கயிந்தா தொடங்கிற்று என்று வழிப்போக்கர் அறிதல் அரிது. இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச் சென்ற ஜீப் வண்டிகளிலிருந்து பிறந்த ‘ஜீப்னி’ என்னும் வண்ண வண்டியொன்றில், எமது அன்னையாருடன் நாம் அவ்வூரை அடைந்தோம்.

எம்மை அழைத்திருந்த இல்லத்தில் முதியவர் ஒருவர் இருந்தார். அயலார் யாவரும் அவரை ‘லோலா’, அதாவது பாட்டி, என்றே அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைத்தோம். வாயிலிலேயே அவர், “கைன் தாயோ!” என்றார். “வாருங்கள், உண்போம்” என்பது அதன் பொருள். அந்நாட்டில் உண்போர் யாரும் வந்தவரைப் பார்த்து இதனைக் கூறாதிருப்பதில்லை.

மறுநாள் விருந்துக்கு அவர் சமைக்க எண்ணியிருந்தது கறே-கறே. மாட்டின் வாலையும் குடலையும் பல மணி நேரம் வேகவைத்து, வறுத்தரைத்த கச்சானும் அரிசியும் கூட்டிக் குழம்பாக்கி, காய்கறி சேர்த்து இறக்கும் உணவு அது. கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த ‘பாகோங்’ என்னும் கூட்டு அதனருகே இருத்தல் வேண்டும். எமது அன்னையாரோ மச்சம் தீண்டாதவர். முன்னொரு வீட்டில் அவர் வெறுஞ் சோறும் வாழைப்பழமும் உண்டு எழுந்ததையும், அவ்வீட்டார் முகம் வாடியதையும் நாம் மறந்திலேம்.

செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். லோலா சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “இறைச்சி இல்லாது சமைக்கலாம், ஆனால் அது கறே-கறே ஆகாதே!” என்றார். அன்னையார் புன்னகையுடன், “அடுக்களைக்கு நானும் வரலாமா?” என்று கேட்டார். அங்ஙனம் தொடங்கிற்று அச்சமையல்.

அதனைக் கூறுமுன் இவ்வூரின் பழங்கதை ஒன்றை நேயர்கள் அறிதல் வேண்டும். ஏழாண்டுப் போரின்போது, 1762 ஆம் ஆண்டிற் சென்னையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படையொன்று ஸ்பானியர் வசமிருந்த மணிலாவைக் கைப்பற்றியது. அப்படையில் எம்மவராகிய தென்னிந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். 1764 இல் ஆங்கிலேயர் நகரை விட்டு நீங்கியபோது, சிப்பாய்களிற் சிலர் திரும்பாது கயிந்தாவிலும் அயலிலும் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து வாழ்ந்தனர். தம்மை அவர் வழியினர் என்று கூறும் குடும்பங்கள் இன்றும் அங்குள. ஊர்நினைவால் ஏங்கிய அச்சிப்பாய்கள், கிடைத்த பொருள்களைக் கொண்டு ஆக்கிய கறியே ‘கறே-கறே’ ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. பம்பாங்கா மாகாணத்தாரோ அது தமது மண்ணின் உணவு என்பர். வழக்கு எவர் பக்கம் தீரினும், ‘கறி’ என்ற ஒலியை அவ்வளவு தொலைவிற் கேட்டபோது எம் செவி குளிர்ந்தது.

இனி அடுக்களைக்கு வருவோம். ஆறு பேருக்கு உரிய அளவு இது. அரைக் கிலோ பலாப்பிஞ்சைத் தோல் சீவி, பெருந் துண்டுகளாக்கி, ஆறு கோப்பை நீரில் மெதுமையாகும்வரை அவித்தோம். இறைச்சியின் இடத்தை நிரப்பியது இதுவே. அவித்த நீரையும் கொட்டாது வைத்துக்கொண்டோம். ஒரு கோப்பைக் கச்சானைப் பொன்னிறமாக வறுத்துத் தோல் நீக்கி அரைத்தோம். மூன்று மேசைக்கரண்டி அரிசியையும் அவ்வாறே வறுத்து மாவாக்கினோம். ‘அச்சுவெத்தே’ என்னும் செவ்விதை இரண்டு மேசைக்கரண்டியை வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்து வடித்தபோது, செங்காவி நிறச் சாறு கிடைத்தது.

வாழைப்பொத்தியை லோலா ‘வாழையின் இதயம்’ என்ற பொருளுடைய பெயரால் அழைத்தார். நாம் பூக்களை ஒவ்வொன்றாய் ஆய்ந்து எடுப்போம். அவரோ வெளிமடல்களைக் களைந்து, உள்ளிருந்த வெண்ணிறக் குருத்தை நீளவாக்கிற் பிளந்து உப்புநீரில் இட்டார். கத்தரிக்காயும் பயிற்றங்காயும் கண்டவுடன் அன்னையாருக்கு ஊருக்கு வந்தது போலாயிற்று. ‘பெச்சாய்’ என்னும் கீரை மாத்திரமே அவருக்குப் புதிது.

சட்டியில் எண்ணெய் விட்டு, வெண்காயமும் உள்ளியும் வதக்கி, செஞ்சாற்றையும் பலாப்பிஞ்சு அவித்த நீரையும் வார்த்து, அரைத்த கச்சானைக் கரைத்தோம். கொதி வந்தபின் அரிசி மாவை நீரிற் கரைத்து ஊற்றி, அடிபிடியாமல் அகப்பையாற் கிளறினோம். குழம்பு தடித்ததும் பலாப்பிஞ்சும் வாழைப்பொத்தியும், பின்னர் பயிற்றங்காயும் கத்தரிக்காயும், இறக்குந் தறுவாயிற் கீரையும் சேர்ந்தன.

லோலா ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. காரணத்தை நாமும் சுவைத்தறிந்தோம். கறே-கறேக் குழம்பில் உப்பு மிகக் குறைவு; அதற்குரிய உவர்ப்பையும் உறைப்பான மணத்தையும் பாகோங்கே தருவது. பாகோங் இல்லாத குழம்பு, சுருதி சேராத பாட்டுப் போல் இருந்தது. உப்பை அள்ளி இடுவதால் அக்குறை தீராது. அன்னையார் தலை குனிந்து நின்றார்.

அப்போது லோலா எழுந்து, தட்டிலிருந்து ஒரு சிறு கலயத்தை எடுத்தார். உள்ளே இருந்தது ‘தாவுசி’: உப்பிட்டுப் புளிக்கவைத்த கருஞ் சோயா அவரை. 1594 ஆம் ஆண்டில் அமைந்த பினொண்டோ என்னும் மணிலாச் சீனர் பகுதியின் கடைகளில் இது தாராளமாகக் கிடைக்கும். அதனை அவர் நசுக்கி, உள்ளியுடன் எண்ணெயிற் பொரித்து, சிறிது வினாகிரியும் சீனியும் கூட்டி, அன்னையாரின் தட்டின் ஓரத்தில் வைத்தார். “மீன் நாற்றம் இல்லை, இறால் இல்லை. இனி உண்ணலாம்” என்றார். “ஆகாது” என்று கூறியவரே ஆக்கித் தந்தார்! அன்னையார் இரண்டாம் முறையும் சோறு கேட்டு உண்டதைக் கண்டு, அம்மூதாட்டியின் கண்கள் கலங்கின.

உண்டபின் எம் சிந்தனை அச்சட்டியைச் சுற்றியே சுழன்றது. கச்சானும் அச்சுவெத்தேயும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவின் அக்கபுல்கோத் துறைக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் அந்நாட்டுப் பொருள்கள் பலவற்றை இங்கு கொணர்ந்தன. தாவுசி சீனர் தந்தது. ஆகவே, தொடக்கம் முதலே இக்கறி இல்லாததை எண்ணி வருந்தாது, கிடைத்ததைக் கொண்டு ஆக்கிய கறியன்றோ? பலாப்பிஞ்சு புகுந்ததால் அதன் மரபு கெட்டுவிடவில்லை. மரபு இன்னும் ஓரடி நடந்தது என்றே கொள்கின்றோம்.

மற்றொன்று. நாம் கச்சான் என்று கூறும் பருப்பைத் தமிழகத்தின் வடபகுதியார் ‘மணிலாக்கொட்டை’ என்பர். மணிலாவின் பெயர் தமிழர் வாயிற் பருப்பாய் நின்றது. கயிந்தா மக்கள் சொல்வது மெய்யாயின், தமிழரின் ‘கறி’ மணிலா மக்கள் வாயில் விருந்தாய் நின்றது. கடல் கடந்து அவ்விரு சொற்களும் ஒரே சட்டியிற் கூடியதை அன்று கண்டோம்.

விடைபெறும் வேளையில் லோலா அன்னையாரின் கையிற் காகிதப் பொட்டலம் ஒன்றை வைத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தோம். உள்ளே ஒரு பிடி அச்சுவெத்தே விதை இருந்தது.