வால்வு திறந்தவர்கள்

குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பினாங்கில் எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் கொடிமலை. உச்சி மேகத்தில் மறைந்துவிட்டால், "மேல நல்ல மழை. தண்ணிக்குக் குறையில்ல" என்பார் அம்மா. கருங்கல் மலையில் ஊறி இறங்கிய தண்ணீர் அது. சவர்க்காரத்தை லேசாகத் தேய்த்தாலே நுரை பொங்கும். தேத்தண்ணி கலங்காமல் நிறம் கொடுக்கும். பல ஊர்களில் குடித்துவிட்டேன். அந்தத் தண்ணீருக்கு ஈடாக நாக்கு எதையும் ஏற்கவில்லை.

அது ஊருக்குள் வந்த கதை நீளமானது. 1786இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய முனை கடலை ஒட்டியது. கடலோரக் கிணறுகளை மட்டும் நம்பி ஒரு துறைமுகம் வளர முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவியிலிருந்து கால்வாய் கட்டி நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கால்வாய் எட்டாத இடங்களுக்கு மாட்டுவண்டி போயிற்று. பர்மா ரோட்டைச் சீனப் பெரியவர்கள் இன்றும் தண்ணீர்வண்டிச் சாலை என்றுதான் சொல்கிறார்கள். பழைய கடைவீடுகளில் நடுச்சுவருக்கு அடியில் இரண்டு வீட்டுக்கும் பாதிப்பாதியாக ஒரே கிணறு இருக்கும். அடுத்த வீட்டு வாளி இறங்கும் சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். சிறுவயதில் அதை எட்டிப் பார்த்து நின்றிருக்கிறேன்.

அந்த அருவிப் பக்கம்தான் நம்மவர்களுக்குத் தண்ணீர்மலை. அடிவாரத்தில் இருந்த சிறிய முருகன் கோயில், நீர்த்தேக்கத்துக்கு இடம் வேண்டும் என்று வெள்ளைக்காரர் கேட்டபோது குன்றின் மேலே மாறியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏறித்தான் பாலதண்டாயுதபாணியைக் கும்பிடுகிறோம். ஊர் குடிக்கட்டும் என்று முருகன் இடம் விட்டுக் கொடுத்தான் என்பார் என் பாட்டி. அவரைப் போலவே நானும் அதை நம்புகிறேன். 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவும் ஒருமுறை இதே காரணத்துக்காக மூழ்கவிருந்தது. 1910இல் அதை நீர்த்தேக்கமாக்குவது என்று நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டு 1912இல் பூங்கா மீண்டது. அருவி மட்டும் இப்போது வேலிக்குப் பின்னால். அனுமதி இல்லாமல் அருகே போக முடியாது.

அப்பாவுக்குத் தண்ணீர் இலாகாவில் வால்வு திறக்கும் வேலை. கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி வைத்திருப்பார்; மேலே குறுக்குப் பிடி, கீழே சதுரப் பொந்து. சாலையோரத்தில் உள்ளங்கை அகல இரும்பு மூடியைக் கிளப்பி, சாவியை இறக்கி, இரண்டு கையாலும் மெல்லத் திருப்புவார். சட்டென்று மூடக் கூடாது. ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் குழாய் முழுக்க அதிரும், பழைய மூட்டு எங்காவது விட்டுவிடும். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று, எது வலப்பக்கம் மூடும், எது இடப்பக்கம் மூடும், எதில் மரை தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வரைபடம் ஆபீசில் கிராணியிடம் இருந்தது. தெருவில் குழாய் உடைந்தால் வரைபடத்தைத் தேடி யாரும் ஓடியதில்லை, அப்பாவைத்தான் தேடி வந்தார்கள்.

இரவு வேலை அதைவிடப் பெரிது. ஊர் அடங்கிய பிறகு கசிவு கேட்கப் போவார்கள். ஒரு கோலின் நுனியைக் குழாயிலோ வால்விலோ வைத்து, மறுமுனையைக் காதோடு சேர்த்து, மூச்சை அடக்கிக் கேட்பது. ஓடும் தண்ணீருக்கு ஒரு சத்தம், மண்ணுக்குள் பீறிடும் தண்ணீருக்கு வேறொரு சத்தம். ஒரு பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போனார். மெக்காலிஸ்டர் ரோட்டு மரங்களுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, கோலில் என் காதை வைத்துப் பிடித்தார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு காற்றை உறிஞ்சுவதுபோல ஒரு சீறல். "அதுதான்," என்றார். சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். விடிந்ததும் தண்டல் தன் ஆட்களோடு வந்து அந்தக் குறியில் தோண்டினார். மண்வெட்டி பிடித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், தெலுங்கர்கள். ஜார்ஜ்டவுனின் குழாய்கள் அவர்கள் தோண்டிய பள்ளங்களில்தான் கிடக்கின்றன. எந்தப் பலகையிலும் அவர்கள் பெயர் இல்லை. இதைச் சொல்லும்போது இந்த வயதிலும் எனக்குக் குரல் தடிக்கிறது.

1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரமானது. முதல் மேயர் டி. எஸ். இராமநாதன், ஒரு தமிழர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது. எங்கள் குவார்ட்டர்ஸில் அந்தப் பெயரைப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துதான் உச்சரித்தார்கள். விளக்கு, தண்ணீர், மின்கம்பியில் ஓடிய டிராலி பஸ் எல்லாம் ஒரே மாநகர மன்றத்தின் கையில். விளக்கு எரியவில்லை என்றால் யாரைக் கேட்பது, குழாய் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று குழம்ப வேண்டியிருந்ததில்லை. டிராலி பஸ் 1961இல் நின்றது. 1962இல் ஆயர் ஈத்தாம் அணை எழுந்தது. 1965இல் நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மன்றத்தின் அதிகாரம் மாநில முதலமைச்சரிடம் போயிற்று. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு எந்தக் கவுன்சிலரும் வரவில்லை.

அந்த நாட்களை அழகாக்கிவிட நான் விரும்பவில்லை. குழாயடியில் வரிசை பிடித்து, இடுப்பில் குடமும் கையில் தகர வாளியுமாக அம்மா நடந்த நடை அவருடைய முதுகெலும்பில் எழுதியிருந்தது. ஊருக்குள் பல தெருக்களில் மலவாளி தூக்கியவர்களும் நம் ஆட்கள்தான். வீட்டுக்குள் குழாய் வந்த அன்று அம்மா அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். அந்தச் சந்தோஷத்தைக் குழாயடிப் பேச்சுக்காக யாரும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

மலை எங்களுக்குப் போதாமல் போனது எழுபதுகளில். 1973இல் மாநிலம் முழுவதற்கும் ஒரே தண்ணீர் வாரியம் வந்தது. அதே ஆண்டு பெருநிலத்தில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. இன்று பினாங்கு குடிப்பதில் பெரும்பங்கு மூடா ஆற்றுத் தண்ணீர். அது அண்டை மாநிலமான கெடாவின் உலு மூடா காட்டில் பிறந்து, எல்லையோரத்தில் எடுக்கப்பட்டு, சுங்கை டுவாவில் தெளிந்து, கடலுக்கடியில் குழாயில் தீவுக்கு வருகிறது. மலைத் தண்ணீர் தானாக இறங்கியது. இதை உந்தித் தள்ள வேண்டும். அந்தக் காட்டில் மரம் வெட்டினால் இங்கே குழாய் மெலியும் என்பதும், ஆற்றுக்குக் கெடா பணம் கேட்பதும் செய்தித்தாளில் படிக்கும் விஷயங்கள். எங்கள் தெருவில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆயிரம் லிட்டர் 22 காசு என்று நெடுங்காலம் ஓடியதில், தண்ணீருக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு என்பதே மறந்துபோயிற்று.

2024 ஜனவரி 10 முதல் நான்கு நாள், சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகத் தீவிலும் பெருநிலத்துச் செபராங் பிறையிலும் தண்ணீரை நிறுத்தினார்கள். முன்கூட்டியே அறிவித்துச் செய்த வேலை, செய்தே ஆக வேண்டிய வேலை. என் பேரப்பிள்ளைகள் வாளிகளை நிரப்பிவிட்டு, "வால்வுன்னா என்ன தாத்தா?" என்று கேட்டார்கள். வாசலில் பளபளக்கும் வடிகட்டி மாட்டிய வீடு அது. என் மருமகள் அதை நம்புகிறாள், குழாயை நம்புவதில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவுக்குத் தண்ணீரை அனுப்பியவரின் முகம் தெரியும். அவர் மாலையில் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

அந்த வாரம் அப்பாவிடம் வேலை பழகிய மாமா ஒருவரைப் பார்க்கப் போனேன். இப்போது அவருக்கு நடை தளர்ந்துவிட்டது. வால்வுகள் எங்கெங்கே என்று கேட்டேன், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் தொடங்கி, சூலியா ஸ்திரீட், பினாங்கு ரோடு என்று, எத்தனை சுற்று என்பது உட்பட, தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். டத்தோ கிராமாட் ரோட்டில் வந்து தடுமாறினார். அங்கே சாலையை அகலப்படுத்தியதில் இரண்டு மூடிகள் தாருக்குள் போய்விட்டன என்றார். மிச்சத்தைத் தைப்பூசம் கழிந்து வந்து கேட்டுக்கொள்ளச் சொன்னார். அதுவரை தன் ஆட்களோடு தண்ணீர்ப்பந்தலில் இருப்பாராம்.