பன்னிரண்டாவது படம்

டெல்லியில் குடியேறிய தமிழர்களுக்கு எழுதப்படாத கடமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் தாஜ்மகாலைக் காட்டியாக வேண்டும். ஹரித்வார் வயதானவர்களுக்கு, பாலிகா பஜார் புது மருமகள்களுக்கு, ஆக்ரா எல்லாருக்கும். 1964-ல் தாஜ் எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்த பிறகு இந்தக் கடமை கொஞ்சம் சுலபமாயிற்று. விடியற்காலையில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு ஏறினால் ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துவிடலாம். கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் இருந்த பல மத்திய அரசு ஊழியர்கள் குதுப்மினாருக்குள் நுழையாமலேயே ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் ஆக்ரா கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் குதிரை வண்டிக்காரரிடம் பேரம் பேசாதவர் அவர்களில் அபூர்வம்.

அப்படி 27 தடவை போய்வந்த ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இருக்கிறார். கும்பகோணத்துக்குப் பக்கத்து கிராமத்திலிருந்து 1968-ல் எல்.டி.சி.யாக டெல்லிக்கு வந்தவர். அவரிடம் ஆறு ஆல்பங்கள் இருக்கின்றன. புரட்டினால் சிரிப்புதான் வரும். 27 தடவையும் தாஜ்மகால் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. முன்னால் நிற்பவர்கள்தான் மாறுகிறார்கள்: சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன், கல்யாணமான புதிதில் தங்கையும் மாப்பிள்ளையும், பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர். பின்னால் அதே குவிமாடம், அதே நான்கு மினார்கள், நடுவே அதே தண்ணீர்.

இதற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டடத்தைக் கட்டியதே அப்படி. 1632-ல் வேலை தொடங்கியபோது ஷாஜகானின் ஆட்களுக்குக் காமிராவைப் பற்றித் தெரியாது. ஆனால் பார்க்க வருகிறவன் எங்கே வந்து நிற்பான் என்பது நன்றாகத் தெரியும். மொகலாயத் தோட்டக் கல்லறைகளில் சமாதி நட்டநடுவில் இருப்பது வழக்கம். டெல்லியில் ஹுமாயூன் கல்லறை அப்படித்தான். ஆக்ராவில் அதைத் தோட்டத்தின் கோடிக்கு, யமுனைக் கரைக்கே தள்ளிவிட்டார்கள். அதனால் முன்னால் சுமார் 300 மீட்டர் தோட்டம், பின்னால் வெறும் வானம். நுழைவாயிலின் இருட்டு வளைவுக்குள் கால் வைக்கும்போது வெள்ளைக் கட்டடம் சட்டம் போட்ட படம் மாதிரி எதிரே தொங்குகிறது. புகைப்படக் கலை பிறப்பதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து மாட்டப்பட்ட படம்.

காமிராவோடு வந்தவர்களும் அந்தச் சட்டத்தை மதித்தார்கள். 1850களில் ஆக்ராவில் கம்பெனி டாக்டராக இருந்த ஜான் மர்ரே என்ற ஸ்காட்லாந்துக்காரர் பெரிய பெரிய காகித நெகட்டிவ்களில் தாஜ்மகாலை எடுத்தார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் இதே வேலையாக இருந்திருக்க வேண்டும். ஆற்றுப்பக்கம், தோட்டத்துப்பக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. உலகம் மனதில் வைத்துக்கொண்டது என்னவோ முன்பக்கத்தை மட்டும்தான். பிறகு 1992 பிப்ரவரி 11-ம் தேதி இளவரசி டயானா தோட்டத்தின் நடுவேயுள்ள பளிங்கு பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். கணவர் அதே பயணத்தில் இந்தியாவில்தான் இருந்தார், ஆக்ராவுக்கு வரவில்லை. அந்தப் படம் உலகப் பத்திரிகைகளையெல்லாம் சுற்றியதிலிருந்து அந்த பெஞ்சுக்கு டயானா பெஞ்ச் என்றே பெயர். புதுமணத் தம்பதிகள் வரிசையில் நின்று, பிரிவுக்குப் பேர்போன அந்த இடத்தில் கைகோத்து உட்காருகிறார்கள். யாருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை.

அதிகாரியிடம் இருந்தது அக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாரான காமிரா. அந்த நாளில் மத்தியதரக் குடும்பம் வாங்க முடிந்தது அதுதான். ரோல் கிடைத்தால் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’, இல்லாவிட்டால் ஜெர்மன் ஓர்வோ. ஒரு ரோலில் 12 படம். பன்னிரண்டே பன்னிரண்டு. இன்று இதைப் பேரன் பேத்திகளுக்கு விளக்குவது கஷ்டம். ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் காசு, எடுத்தபின் பார்க்க முடியாது, கழுவி வரும்வரை தெய்வம் விட்ட வழி. இப்படிப்பட்ட கஞ்சத்தனத்தில் யாரும் புதுக் கோணத்தைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட கோணம்தான் பத்திரமானது.

1974 டிசம்பரில் அவருடைய அம்மா முதலும் கடைசியுமாக டெல்லிக்கு வந்தார். ஆக்ராவுக்கும் போனார்கள். படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை. கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலும் தலையைக் குனிந்துகொண்டவர். மகன் கெஞ்சியதால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். குவிமாடத்தின் உச்சிக்கலசம் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும், நான்கு மினாரும் விழ வேண்டும் என்று மகன் பின்னாலேயே போனார். போதாக்குறைக்கு உரிமம் பெற்ற போட்டோக்காரர் ஒருவரும் ஓடிவந்து “இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி” என்று யோசனை சொன்னார். பிரிண்ட் வந்தபோது தாஜ்மகால் பிரமாதமாக விழுந்திருந்தது. அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “கோபுரமெல்லாம் நல்லா இருக்குடா. என் மூஞ்சிதான் எங்கேன்னு தெரியலை” என்றாராம்.

1981-ல் அம்மா இறந்தார். பத்தாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. தேடினால் வீட்டில் தெளிவான படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் தாஜ்மகால் படம்தான் கும்பகோணத்து ஸ்டூடியோவுக்குப் போயிற்று. அதில் முகம் அரிசி மணி அளவு. ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதில் கரைந்துபோன கண்ணையும் மூக்கையும் தூரிகையால் ‘டச்சிங்’ செய்து மீட்டார். மீட்டது யாருடைய கண் என்பதுதான் பிரச்சினை. கூடத்தில் முப்பது வருஷம் மாட்டியிருந்த அந்தப் படத்தில் இருந்தவர் யாரோ ஒரு நல்ல அம்மாள்; தன் அம்மா இல்லை என்கிறார் அதிகாரி.

கட்டடம் எவ்வளவு பெரியது என்று காட்ட ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்துவது பயணப் புகைப்படத்தின் ஆரம்பகாலத்திலேயே வந்துவிட்ட பழக்கம். 1850-ல் பிரெஞ்சுக்காரரான மாக்ஸிம் டு காம், நாவலாசிரியர் ஃப்ளோபேருடன் எகிப்தில் சுற்றினார். அபு சிம்பெலின் பிரம்மாண்டமான சிலைகளையும் மற்றக் கோயில்களையும் எடுக்கும்போது, ஹாஜி இஸ்மாயில் என்ற நூபியப் படகுக்காரரை அங்கங்கே ஏறி நிற்கச் சொன்னார். படம் விழ வெகுநேரம் பிடிக்கும். அசையாமல் நிற்க வேண்டும். காமிராவின் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி, அசைந்தால் வெடித்துவிடும் என்று சொல்லி அவரை நிறுத்திவைத்ததாக டு காமே பெருமையாக எழுதியிருக்கிறார். அந்த மனிதரின் பயம் படத்தில் தெரியவில்லை. சிலையின் உயரம் தெரிகிறது. அதிகாரியின் அம்மாவை யாரும் மிரட்டவில்லை. ஆனால் செய்த வேலை ஒன்றுதான்.

2009-ல் வீடு மாற்றும்போது பழைய நெகட்டிவ் உறை ஒன்று கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 1974 டிசம்பர். பதினொன்று பிரிண்ட் போட்டவை. பன்னிரண்டாவது போடாதது. ரோல் மீதியிருந்தால் கழுவக் கொடுக்க முடியாது. அதை முடிப்பதற்காக எதையாவது பார்த்துத் தட்டிவிடுவது அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் நடந்ததுதான். அவரும் திரும்பும் நேரத்தில், செருப்பு விட்ட இடத்தில் படியில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்துத் தட்டியிருக்கிறார். படம் சரிந்திருந்தது. ஒரு மூலையில் யாரோ ஒருவருடைய முழங்கை. ‘வேஸ்ட்’ என்று லேப்காரரே ஒதுக்கிவிட்டார். தாஜ்மகால் அதில் இல்லை. அம்மா ஒரு காலைத் தூக்கி, பாதத்தைத் தடவிக்கொண்டு, குளிரில் முகத்தைச் சுளித்துக்கொண்டு பாதி சிரிக்கிறார். ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவ் என்பதால் எவ்வளவு பெரிதாக்கியும் முகம் கெடவில்லை. மூக்குத்தியின் கற்களைக்கூட எண்ண முடிகிறது. தங்கைகள் ஆளுக்கொரு பிரதி வாங்கிப்போனார்கள். கூடத்தில் இருந்த நல்ல அம்மாள் பரணுக்குப் போனார்.

குடும்பத்தில் நடந்த இதே கதை சரித்திரச் சின்னங்களுக்கும் நடந்திருக்கிறது. 2001 மார்ச்சில் தாலிபான்கள் ஆப்கானிஸ்தானின் பாமியான் பள்ளத்தாக்கில் இருந்த இரண்டு புத்தர் சிலைகளை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பெரியது சுமார் 55 மீட்டர், சிறியது 38. இடிந்த பிறகு ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நிபுணர்கள் கம்ப்யூட்டரில் பெரிய புத்தரை மீண்டும் உருவாக்க முனைந்தார்கள். இணையத்தில் கிடைத்த படங்கள், சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்கள், இரண்டையும் வைத்து உருவத்தைக் கொண்டுவர முடிந்தது. என்றோ விடுமுறைக்குப் போனவர்களின் ஆல்பங்கள் இப்படிச் சாட்சி சொல்லும் என்று அவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் துல்லியம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1970-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரப் பேராசிரியர் கோஸ்ட்கா, அளவெடுக்கவென்றே தயாரான காமிராவில் சில படங்கள் எடுத்திருந்தார். அழகுக்காக எடுத்தவை அல்ல. சர்வேக்காரர் எடுத்த படங்கள். புத்தரின் மேலங்கியில் அலையலையாக இறங்கிய மடிப்புகளை அவற்றிலிருந்துதான் கோடு கோடாக அளந்து எடுத்தார்கள்.

இந்த வகைப் பொறுமைக்குத் தமிழ்நாட்டிலேயே பழைய உதாரணம் இருக்கிறது. 1858-ல் சென்னை அரசின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லினியஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனார். 200 அடிக்கு மேல் எழும்பி நிற்கும் விமானத்தை எடுத்தார். அதை எடுக்காமல் யார் திரும்புவார்கள்? பிறகு காமிராவைத் தாழ்த்தினார். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ஓடும் கல்வெட்டை, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து துண்டு துண்டாக எடுத்தார். 21 பிரிண்ட்களை ஒன்றோடொன்று ஒட்டியபோது ஏறக்குறைய 19 அடி நீளம் வந்தது. எழுத்தைத் தவிர அந்தப் படத்தில் பார்க்க ஒன்றுமில்லை. மரம், மனிதர், வானம், எதுவும் இல்லை. தஞ்சாவூருக்கு இன்றும் வேன் வேனாகப் போகிறவர்களில் விமானத்தின் உச்சியைச் செல்போனில் அடைக்கப் படாதபாடு படுகிறவர்களே அதிகம். கல்வெட்டு அவர்களுடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். டிரைப்பின் வேலையும் நீடிக்கவில்லை. புதிதாக வந்த கவர்னர் டிரவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று சொல்லி அந்தப் பதவியையே மூடிவிட்டார்.

இந்தக் கதைகளையெல்லாம் கேட்ட பிறகும் மனிதர்கள் மாறுவதில்லை. பளிங்கின் மஞ்சளைப் போக்கக் களிமண் பூச்சுச் சிகிச்சை நடந்த ஆண்டுகளில், 2017-ல், அதிகாரியின் தங்கை மகன் மனைவியோடு ஆக்ரா போய்விட்டு முகம் வாடித் திரும்பினான். மினாரில் சாரம் கட்டியிருந்தார்களாம், படமெல்லாம் கெட்டுப்போயிற்றாம். கம்ப்யூட்டரில் அந்தச் சாரத்தை அழிக்க ஒரு முழு ராத்திரி செலவழித்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், குவிமாடம் முழுவதையும் சாரம் மூடிய படம் ஒன்று இன்றும் புத்தகங்களில் வருகிறது. அன்றைக்கு அதை எடுத்தவரும் நொந்துகொண்டேதான் எடுத்திருப்பார். சாரம் இல்லாத தாஜ்மகால் கோடிக்கணக்கில் கிடைக்கும். சாரத்தோடு கிடைப்பது எத்தனை?

இப்போது ரோலும் இல்லை, பன்னிரண்டும் இல்லை. ஊட்டித் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. 2018-ல் தொல்லியல் துறை தன் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் அஜந்தா, லே அரண்மனை, தாஜ்மகாலின் சமாதி மண்டபம் தவிர மற்ற இடங்களில் படமெடுக்க அனுமதி கொடுத்தது. தாஜ்மகாலின் உரிமம் பெற்ற போட்டோக்காரர்களைத்தான் பாவம், செல்போன் உட்கார வைத்துவிட்டது. குவிமாடத்தின் உச்சியை விரல்நுனியில் பிடித்துத் தூக்குவது போன்ற அவர்களுடைய சித்து வேலையை இப்போது எட்டு வயதுப் பையன் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

அதிகாரி 28-வது தடவையாகப் போனது 2023-ல், பேத்தியோடு. ஒரு மணி நேரத்தில் அவள் 300 படங்களுக்கு மேல் எடுத்துத் தள்ளினாள். எல்லாம் அதே முன்பக்கம். “போதும் கண்ணு, இப்ப இந்தப் பக்கம் திரும்பி ஒண்ணு எடு” என்றார் தாத்தா.

“அங்கே ஒண்ணுமே இல்லையே, தாத்தா.”

“அதான். எடு.”

வேண்டா வெறுப்பாகத் தட்டினாள். டயானா பெஞ்சுக்காகக் காத்திருக்கும் வரிசை அது. நாற்பது பேர் இருப்பார்கள். கைக்கண்ணாடியில் பொட்டைச் சரிபார்க்கும் ஒரு மணப்பெண். பனாரஸ் புடவையோடு ஷூ போட்ட ஒரு பாட்டி. சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொள்ளும் ஒருவர். வரிசையில் நிற்காமல் புல்லில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும் ஒரு குழந்தை. ஓரத்தில், கழுத்தில் பெரிய காமிரா தொங்க, கூப்பிட ஆளில்லாமல் கைகட்டி நிற்கும் போட்டோக்காரர்.