அன்னையின் குரலும் ஓர் இரைச்சலும்

அல்சூரில் குடியேறி 40 ஆண்டுகள் கழிந்தும், 82 வயது நிரம்பிய என் அன்னையார் வட ஆர்க்காட்டுத் தாலாட்டை மறந்தாரில்லை. சென்ற மழைக்காலத்தில் நோயுற்று எழுந்த பின் அவர் குரல் பாதியாகிவிட்டது. அதனைப் பதிவு செய்து பேரக் குழந்தைகளுக்கு விட்டுச் செல்ல வேண்டும் என்னும் ஆவல் என்னை ஆட்கொண்டது.

மின்னணுத் தொழிலில் சிறிது பழக்கம் உண்டாதலின், ஒலியை எண்களாக்கிக் கணினிக்குத் தரும் கருவி ஒன்றை நானே அமைக்கத் துணிந்தேன். எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் உறுப்புகளை வாங்கினேன். மெல்லிய குரலுக்கு ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் ஒரு மில்லிவோல்ட்டிலும் குறைவு. அதனை 1,000 மடங்கு பெருக்கும் முன்பெருக்கியே கருவிக்கு உயிர். முதல் முயற்சியில் பாட்டோடு ‘உஸ்’ என்னும் இரைச்சலும் கேட்டது. குரல் ஒடுங்கும் இடங்களில் அதுவே மேலோங்கிற்று. பதிவைக் கேட்ட அன்னையார், “அடுப்பிலே ஏதோ கொதிக்குதுடா, போய்ப் பாரு” என்றார்!

பிழை என்னுடையதே. பாதுகாப்பு எனக் கருதி, உள்வரும் இரு கம்பிகளிலும் 10,000 ஓம் தடைகளை இட்டிருந்தேன். தடை எதுவாயினும் தன் வெப்பத்தால் சிறு இரைச்சலை எழுப்பும் என்பதை 1928-ஆம் ஆண்டிலேயே ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் அறிஞர் இருவர் விளக்கிவிட்டனர். 200 ஓம் ஒலிவாங்கியில், செவிக்கு எட்டும் அலைவெண் முழுவதற்கும் அது கால் மைக்ரோவோல்ட் அளவே. நானோ 20,000 ஓம் சேர்த்தேன். தடை 100 மடங்கானால் இரைச்சல் 10 மடங்காகும். முதற்படியில் புகுந்த அந்த இரைச்சல் குரலோடு சேர்ந்து பெருகும். பின்னர் எத்தனை நல்ல உறுப்பை வைத்தாலும் அதனைப் பிரித்தெடுத்தல் அரிது.

ஆகவே அத்தடைகளை நீக்கினேன். இப்பணிக்கு ஏற்ற ஐ.என்.ஏ.217 என்னும் சில்லை முதற்படியில் வைத்து, 10 ஓம் தடை ஒன்றால் பெருக்கம் முழுவதையும் அங்கேயே முடித்தேன். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல் இரு கம்பிகளிலும் ஒன்றுபோல் ஏறும். அவற்றின் வேறுபாட்டை மட்டும் பெருக்கும் அச்சில்லு அதனையும் பெரும்பாலும் விலக்கிற்று.

அன்னையார் மீண்டும் பாடினார். அடிகளுக்கு இடையே அவர் மூச்சு வாங்குவதும் தெளிவாகக் கேட்டது. தமிழ் எழுதப் படிக்க அறியாத என் மகள் அருகில் அமர்ந்து, “பாட்டி, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கேள்விகளும் பதிவில் உள்ளன. அவற்றை நான் நீக்கவில்லை.

அன்பர்களே, நம் இல்லத்து முதியோர் குரல்கள் நாளும் மெலிந்து வருகின்றன. கருவி எதுவாயினும் ஆகுக. காலம் தாழ்த்தாது பதிந்து வையுங்கள்.