கொடை மலையில் கதிரவனைக் கண்டோம்

கொடைக்கானலுக்குச் செல்வோர் ஏரியையும் தூண்பாறையையும் கண்டுவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். அன்பு வாசகர்களே, நீங்கள் குடும்பத்துடன் அங்குச் செல்ல நேர்ந்தால் அரை நாளை வேறோர் இடத்திற்கென ஒதுக்கி வையுங்கள். கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,340 மீட்டர் உயரத்தில், 1899-இல் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் அங்கே இருக்கிறது.

சென்ற கோடை விடுமுறையில் மதரஸா மாணவர் பன்னிருவருடன் வத்தலக்குண்டு வழியே மலையேறினேன். நானோ கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் சற்றுத் தொலைவு. சூரியன் ஒரு பெரிய நெருப்பு உருண்டை என்றே பல்லாண்டுகளாக மாணவர்களிடம் சொல்லி வந்தவன்.

காட்சிக்கூடத்தில், கண்ணாடிகள் வழியே இறக்கப்பட்ட கதிரவனின் உருவம் வெண்திரையில் விழுந்தது. (வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கப் பிள்ளைகளை ஒருபோதும் விடாதீர்கள்.) அதன்மேல் மிளகளவில் இரண்டொரு கரும்புள்ளிகள். அந்த மிளகுக்குள் நம் பூமி அடங்கிவிடும்! இத்தகைய புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர் 1909-இல் கண்டறிந்தது இதே மலையில்தான்.

சூரியனில் விறகைப்போல் எரிவது எதுவுமில்லை. அதன் நடுவே ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாவதால் வெப்பம் பிறக்கிறது. அவ்வெப்பத்தில் அணுக்கள் சிதைந்து, மின்னூட்டம் கொண்ட பிளாஸ்மாவாகக் கொந்தளிக்கின்றன. காந்தக் கோடுகள் அதனுள் சிக்கி, அது போகுமிடமெல்லாம் இழுபடுகின்றன. கரும்புள்ளிகளுக்கு மேலே முறுக்கேறிய நூலைப்போல் பின்னிக்கொள்கின்றன. எதிரெதிர்த் திசையிலுள்ள கோடுகள் நெருக்குண்டால் அறுந்து, வேறு விதமாக மீண்டும் இணைகின்றன. முறுக்கில் சேர்ந்திருந்த ஆற்றல் அந்நேரம் வெடித்து வெளிப்படும். பிளாஸ்மா ஒரு கோடி டிகிரிக்கு மேல் சூடேறி, கவண் கல்லைப்போல் இருபுறமும் வீசப்படும். சூரியச் சுடர் என்பது இதுவே.

"உஸ்தாத், அது நம்மிடம் வந்து சேருமா?" என்றான் சிறுவன் ஒருவன்.

சேரும். சுடரின் ஒளி எட்டு நிமிடங்களில் வந்துவிடும். பிளாஸ்மா மேகமும் கிளம்பி நம் பக்கம் திரும்பினால், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் வந்து தாக்கும். 1859 செப்டம்பர் 1-இல் கேரிங்டன் என்பவர் ஒரு சுடரைக் கண்டார். ஒரு நாள் கழிவதற்குள் தந்திக் கம்பிகள் நிலைகுலைந்தன. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். மருத்துவமனையையும் குடிநீர்க் குழாயையும் எண்ணிப் பாருங்கள்!

ஆகவேதான் இந்த இடைவிடாத காவல். நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் இங்கே சேர்ந்துள்ளன. 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியதும், இக்கூடத்தை நடத்தும் பெங்களூர் வானியற்பியல் நிறுவனமே.

வெளியே வந்தபோது பனிமூட்டம் மலையை மூடியிருந்தது. பேருந்தில் அதே சிறுவன் என் தோளைத் தொட்டு, "உஸ்தாத், அப்படியானால் நெருப்பு உருண்டை?" என்றான்.

"நான் சொன்னது பிழை, தம்பி" என்றேன்.