ஒலி உள்ளே வந்தது, ஸீன் வரவில்லை



தாம்பரத்தில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நடைபெறும் எங்கள் மக்தபில் ஓதும் பிள்ளைகள் பெரும்பாலும் ஆங்கில வழியில் பயில்வோர். அரபு எழுத்துகளைத் தமிழ் எழுத்தின் துணைகொண்டோ ஆங்கில எழுத்தின் துணைகொண்டோதான் முதலில் மனத்தில் இருத்துகின்றனர். இதயத்தையும் தமிழில் 'கல்ப்' என்றே எழுதுகிறோம்; நாயையும் 'கல்ப்' என்றே எழுதுகிறோம். முன்னது அடிநாவிலிருந்து எழும் கனத்த காஃப். பின்னது அதற்குச் சற்று முன்னே பிறக்கும் மெல்லிய காஃப். ஸா, ஸீன், ஸாத் ஆகிய மூன்றுக்கும் பிள்ளைகளின் குறிப்பேட்டில் இருப்பது ஒரே ஒரு 'ஸ'. நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் அறையில் ஒவ்வொருவருக்கும் நாவின் நுனி எங்கே நிற்க வேண்டும் என்று காட்ட ஒரு மணி நேரம் போதாது.

ஆகவே, எழுத்தின் மக்ரஜை அசையும் படமாகக் காட்டும் சிறு பாடங்களைத் தயாரிக்க எண்ணினோம். உயிருள்ளவற்றின் உருவம் குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு இதில் எழவில்லை. நாங்கள் வரைந்தவை எழுத்துகளும், நா, அண்ணம், தொண்டை ஆகியவற்றைப் பக்கவாட்டில் காட்டும் ஒரு வரைபடமும் மட்டுமே. விஷுவல் கம்யூனிகேஷன் பயிலும் மஹல்லாத் தம்பி ஒருவர் கணினிப் பணியை ஏற்றார். குரலுக்கு எங்கள் பெரிய ஹஜ்ரத்தைத் தவிர வேறெவரையும் நாங்கள் நினைக்கவில்லை. எழுபதைக் கடந்து மேலப்பாளையத்தில் ஓய்விலிருக்கும் அவர்கள், எழுத்துகள் அனைத்தையும் ஓதிக் கைப்பேசியில் குரல்பதிவாக அனுப்பிவைத்தார்கள்.

"ஹஜ்ரத், ஃபைல் உள்ளேயே போகமாட்டேங்குது" என்று மறுநாள் தம்பி வந்து நின்றார்.

கைப்பேசியில் தடையின்றி ஒலித்த பதிவை அனிமேஷன் மென்பொருள் ஏற்க மறுத்தது. கோப்பின் பெயரின் இறுதியில் இருந்த 'ஓபஸ்' என்பதை நீக்கி 'எம்பி3' என்று மாற்றியும் பார்த்திருக்கிறார். கடையின் பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளிருக்கும் சரக்கு மாறுமா? வாட்ஸ்அப் குரல்பதிவுகள் ஓபஸ் எனும் முறையில் சுருக்கப்படுகின்றன. 2012 இல் தரப்படுத்தப்பட்ட அம்முறை, குறைந்த அலைவரிசையிலும் பேச்சைக் கடத்தவல்லது. அனிமேஷன் மென்பொருள்களில் பலவோ 1991 முதல் புழக்கத்திலிருக்கும் வேவ் வடிவத்தையும் எம்பி3 வடிவத்தையும்தான் தயக்கமின்றி ஏற்கின்றன.

இதற்கு மருந்து எளிது. ஆடாசிட்டி எனும் இலவச மென்பொருளில் பதிவைத் திறந்து, 16 பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்ய வேண்டும். எம்4ஏ போன்ற சில வடிவங்களைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் எனும் துணைத் தொகுப்பையும் நிறுவிக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயரில் அரபு எழுத்தோ தமிழ் எழுத்தோ இடைவெளியோ இருந்தாலும் சில மென்பொருள்கள் தடுமாறும். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்ட சிறிய பெயர் வைத்தல் நலம். இவ்வளவும் செய்தபின் ஒலி உள்ளே வந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் குரல் பெரிய ஹஜ்ரத்துடையதாக இல்லை. சற்றுத் தாழ்ந்து, இழுபட்டு ஒலித்தது. படமும் ஒலியும் போகப்போக விலகின. காரணம் மாதிரி விகிதம். கோப்பில் நொடிக்கு 48,000 மாதிரிகள். மென்பொருளின் திட்டமோ 44,100 என அமைந்திருந்தது. ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளாமல் அப்படியே ஓட்டினால் ஒரு நிமிடப் பதிவு 65 நொடிகளுக்கு நீளும். நொடிக்கு 24 சட்டகங்கள் என்று கணக்கிட்டால், நிமிட முடிவில் நாவின் படம் நின்று 120 சட்டகங்களுக்கு மேல் கடந்த பின்னரே ஓசை முடியும். இரண்டையும் 48,000 என ஒன்றாக்கியதும் குரல் தன் நிலைக்கு மீண்டது.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு வந்தது. தாம் முன்னரே வரைந்து முடித்திருந்த அசைவுகளுக்குப் பொருந்துமாறு ஒலியைச் சற்று விரைவாக்கலாம், சுருதி மாறாமல் அதைச் செய்யக் கருவி உண்டு என்றார் தம்பி. கருவி உண்டு என்பது உண்மையே. ஆனால் மத்து எழுத்தை எத்தனை அளவு நீட்டுவது என்பது ஓதுபவரின் விருப்பமன்று. தஜ்வீதில் அதற்கு வரம்பு உண்டு. பெரிய ஹஜ்ரத் இரண்டு ஹரகத் அளவு நீட்டியதைச் சுட்டியால் ஒன்றரையாக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. படம் ஓதுதலைப் பின்பற்றட்டும் என்றோம். அனிமேஷன் தொழிலிலும் பெரும்பாலும் குரலை முதலில் பதிந்து, பின்னரே வாயசைவை வரைகிறார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டு, பதினொரு பாடங்களை மீண்டும் வரைந்தார். தேர்வுக் காலத்தில் அவர் செய்த பணி இது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

உண்மையான சிக்கல் அதன் பின்னரே தென்பட்டது. முதற் பாடத்தைப் பிள்ளைகளுக்கு ஓடவிட்டபோது, ஸா எது, ஸீன் எது என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. ஒரு சிறுமி ஸாவை 'ஃபா' என்று திருப்பிச் சொன்னாள். ஸாத் மட்டும் ஓரளவு தப்பியது. அதன் கனம் அடுத்து வரும் உயிரோசையிலும் படிவதால் இருக்கலாம். ஆடாசிட்டியில் அப்பதிவின் அலைமாலையைத் திறந்து பார்த்தோம். 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒன்றுமேயில்லை, வெறுங்கருமை. கோப்போ தன்னை 48,000 மாதிரிகள் கொண்டதென்று சொல்லிக்கொண்டிருந்தது.

விசாரித்ததில், பேரப்பிள்ளை அன்போடு மாட்டிவிட்ட புளூடூத் காதணியில் ஓதியதாகப் பெரிய ஹஜ்ரத் கூறினார்கள். அழைப்புகளுக்கான பழைய புளூடூத் முறை நொடிக்கு 8,000 மாதிரிகளையே எடுக்கும். அதில் பாதி, அதாவது 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசையே அதன் எல்லை. ஸீனின் சீறலோ பெரும்பகுதி அதற்கு மேலேதான் வாழ்கிறது. எரிவாயு முகவருக்குத் தொலைபேசியில் பெயர் சொல்லும்போது 'எஃப்' என்றும் 'எஸ்' என்றும் இருதரப்பும் குழம்புவதை நாம் அனைவரும் அறிவோம்; அதே கதைதான் இது. இறக்குமதிச் சிக்கலை எந்த மென்பொருளாலும் தீர்க்கலாம். பதிவாகாத ஓசையை எந்த வடிவத்திற்கு மாற்றியும் மீட்க முடியாது.

இணையத்தில் புகழ்பெற்ற காரிகளின் பதிவுகள் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்டனர். கிடைக்கின்றன. ஆனால் தமிழ் நாவு எங்கே வழுக்கும் என்றறிந்து, அவ்விடத்தில் ஒரு கணம் நின்று ஓதிக்காட்டும் குரல் அவற்றில் இல்லை. நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதப் புகுந்தபோது, அரபியில் இல்லாத ழகரத்தையும் ளகரத்தையும் விட்டுவிடவில்லை. அரபு எழுத்துகளுக்குக் கூடுதல் குறிகளிட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். பாத்திரம் சிறிதென்று ஓசையைக் குறைக்காத அந்த மரபு எங்கள் நினைவுக்கு வந்தது.

பெருநாள் கழிந்து சேலையூரில் உள்ள மகள் வீட்டிற்குப் பெரிய ஹஜ்ரத் வந்திருந்தபோது மீண்டும் பதிந்தோம். தாம்பரத்தில் அமைதியைத் தேடுவது தனிக்கலை. 1931 முதல் மின்ரயில் ஓடும் ஊர் இது. பகலில் விமானப்படைத் தளத்தின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஆதலால் ஃபஜ்ருக்குப் பின் அமர்ந்தோம். மின்விசிறியை நிறுத்தி, சுவரில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, கம்பியுள்ள சிறு ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தொலைவில், மூச்சுக்காற்று நேரே படாதபடி சற்றுப் பக்கவாட்டில் வைத்தோம். காகங்களை மட்டும் நிறுத்த வழியில்லை. மூன்று இடங்களில் அவர்கள் மறுபடியும் ஓத நேர்ந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஸீன் இப்போது விழுகிறதா?" என்று ஒவ்வொரு முறையும் வினவினார்கள். அலைமாலையைக் காட்டினோம். 4,000 ஐத் தாண்டி உச்சிவரை வெண்மை ஏறியிருந்ததைக் கண்ணாடி அணிந்து நெடுநேரம் பார்த்தார்கள்.

அப்பதிவுகள் இப்போது 48,000 மாதிரிகள் கொண்ட ஒற்றைத்தட வேவ் கோப்புகளாக, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு மெகாபைட் அளவில், மக்தபின் வன்தட்டில் உள்ளன. பாடங்கள் அவற்றிலிருந்தே தயாராகின்றன. பம்மல், பெருங்களத்தூர் பகுதி மக்தபுகளிலிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். பென்டிரைவ் கொண்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் தருகிறோம். வர இயலாதோருக்கு வாட்ஸ்அப்பில் ஆவணமாக இணைத்து அனுப்புவோம். அதனைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு, மற்றொரு கைப்பேசியில் பதிந்து பரப்ப வேண்டாம்.