அறுபதும் அறுபத்து நான்கும்

2023 மார்ச் மாதம். வழக்கம்போல் காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் பென்ஷன்காரர்கள். முந்தைய நாள் இரவு டிவியில் பாரீஸ் தெருக்களில் குப்பை மலைபோல் கிடந்ததைக் காட்டியிருந்தார்கள். ஓய்வு வயதை 62இலிருந்து 64 ஆக்கக் கூடாது என்று துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம்.

என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்த நண்பர் கேட்டார்: “ஏம்பா, நீதான் பிரெஞ்சு படிச்சவன், சொல்லு. நமக்கு ரெண்டு வருஷம் கூட்டினப்போ ஆபீஸ் முழுக்க லட்டு கொடுத்தோம். அவனுக்கும் ரெண்டு வருஷம்தானே கூடுது? அவன் ஏன் தெருவுக்கு வர்றான்?”

நியாயமான கேள்விதான். 1998இல் மத்திய அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 60 ஆக்கியது. புதுச்சேரி அரசு ஊழியர்களான எங்களுக்கும் அதே விதிகள்தான். 2009இல் வீட்டுக்குப் போக வேண்டியவன் 2011இல் போனேன். இளைய மகளின் கல்யாணக் கடன் அந்த இரண்டு வருஷச் சம்பளத்தில்தான் அடைந்தது. மேசை, நாற்காலி, மின்விசிறி, பதினொரு மணிக்கு டீ. உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.

லட்டு எல்லோருக்கும் இனிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பையன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தான். “அப்ப ரெண்டு வருஷத்துக்கு யாரும் ரிடையர் ஆக மாட்டாங்களா மாமா?” என்று கேட்டான். அனுமதிக்கப்பட்ட பணியிடம் இத்தனை என்று கணக்கு வைத்த இடத்தில் ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். நான் பதில் சொல்லாமல் லட்டை நீட்டினேன்.

நண்பரின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது என் தங்கை வீட்டுக்காரரிடமிருந்து. மாப்பிள்ளை என்னைவிட எட்டு வயது இளையவர். சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர் என்பதால் 1980இல், 21 வயதில் பிரான்சுக்குப் போனார். பாரீசுக்கு வெளியே சரக்குக் கிடங்கில் வேலை. பெட்டி தூக்குவது, அடுக்குவது, மறுபடி தூக்குவது. 35 வருஷம்.

அவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், 1983இல், மித்தெரான் ஆட்சியில் ஓய்வு வயது 60 ஆனது. “அறுபதில் ஊருக்கு வந்துடுவேன் மச்சான்” என்பார். 2010இல் வந்த சட்டம் அதைப் படிப்படியாக 62 ஆக்கியது. ஆயுள் கூடுகிறது, சந்தா கட்டுகிறவர்கள் குறைகிறார்கள், நிதி எங்கிருந்து வரும் என்று அரசு கேட்டது. அதுவும் பொய்யில்லை.

ஆனால் 2015இல், 56 வயதில், முதுகு போய்விட்டது. வேலைக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதினார். வேலை போயிற்று. அந்த வயதில் புது வேலை யார் தருவார்கள்? மூன்று வருஷம் வேலையிழப்புத் தொகை, பிறகு சொற்பமான உதவித்தொகை. 62 வந்த பிறகுதான் பென்ஷன். ஆறு வருஷம் அவர் வேலையிலும் இல்லை, ஓய்விலும் இல்லை.

பிரான்ஸ் முயற்சி செய்யாமல் இல்லை. 1987இல் ஒரு சட்டம் போட்டார்கள்: 55 வயதுக்கு மேற்பட்டவரை வேலையை விட்டு அனுப்பினால் முதலாளி தண்டம் கட்ட வேண்டும். 1992இல் அதை 50 வயதுக்கு இறக்கினார்கள். முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். அனுப்பினால்தானே தண்டம், ஐம்பதை நெருங்கியவரை எடுக்காமலே இருந்துவிட்டால்? விதிவிலக்குகள் சேர்த்துப் பார்த்து, கடைசியில் 2008இல் அதை எடுத்தேவிட்டார்கள். 2013இல் இன்னொன்று: 26 வயதுக்குக் குறைந்தவரை நிரந்தர வேலைக்கு எடுத்து, 57 தாண்டியவரையும் வைத்துக்கொண்டால் சிறு நிறுவனத்துக்கு வருஷம் 4,000 யூரோ. அது 2017இல் போயிற்று. கடின வேலை செய்தவர்கள் முன்னதாக ஓய்வு பெற 2014இல் ஒரு சட்டம் வந்தது. பட்டியலில் கனமான சுமை தூக்குவதும் இருந்தது. 2017இல் அதை மட்டும் குறிப்பாக இல்லை, இன்னும் மூன்றையும் சேர்த்து நீக்கினார்கள்.

எங்கள் பள்ளியில் ‘ரெத்ரேத்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை வரலாற்றுப் பாடத்தில்தான் முதலில் படித்தேன். நெப்போலியன் படை ருஷ்யாவிலிருந்து அடிபட்டுத் திரும்பியதற்கு அந்தப் பெயர். பணி ஓய்வுக்கும் அதே சொல்தான் என்று பின்னால் தெரிந்தபோது சிரிப்பு வந்தது. மாப்பிள்ளையைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் அவரும் தங்கையும் வந்திருந்தார்கள். காரிலிருந்து இறங்கியதும் அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். 74 வயதுக்காரன் நான்தான் அதைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். “வாழ்நாளெல்லாம் அடுத்தவன் பெட்டியைத் தூக்கினேன் மச்சான், என் பெட்டியை நீங்க தூக்கறீங்க” என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது.

மறுநாள் கடற்கரையில் நண்பரிடம் சொன்னேன்: “நமக்குக் கூட்டினது நாற்காலியில ரெண்டு வருஷம். அவங்களுக்குக் கூட்டறது முதுகுல ரெண்டு வருஷம்.” நாற்காலிக்கும் முதுகுக்கும் ஒரே வயதை எழுதுகிற சட்டம் எந்த ஊரில் வந்தாலும், அந்த வயதுவரை வேலை யார் கொடுப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் கூடுவது வேலை அல்ல, காத்திருப்புதான்.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மாப்பிள்ளையையும் நாளைக்கு நடக்கக் கூட்டிட்டு வா, மெதுவா நடப்போம்” என்றார்.